சைக்கிளில் ஏறிய அவசரம்

போன ஐப்பசி மழையில், கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல் பக்கம் பாசி வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “முறிவு இல்லை, வால் எலும்பில் நல்ல அடி. நாலு வாரமாவது ஆகும். முறிந்திருந்தால் இரண்டு மூன்று மாதம்” என்றார்.

எனக்கு வலியைவிடப் பயம்தான் அதிகம். என் அப்பா இப்படித்தான் ஒருமுறை விழுந்து படுத்தவர், பிறகு நடக்கவே இல்லை. அதனால் பத்தாம் நாளே வீட்டில் இருந்த உடற்பயிற்சி சைக்கிளில் ஏறிவிட்டேன். “என்னங்க, டாக்டரைக் கேட்டீங்களா?” என்ற மனைவிக்குப் பதில் சொல்லவில்லை. பத்தே நிமிஷம்தான் ஓட்டினேன். அன்று ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை.

பிசியோதெரபி செய்யும் பெண் திட்டவில்லை. “சார், பயிற்சி செஞ்சது தப்பில்லை. உட்கார்ந்து செஞ்சதுதான் தப்பு” என்றாள். சைக்கிள் சீட்டும், மல்லாந்து படுத்து எழும் பயிற்சியும் அந்த எலும்பையே அழுத்துமாம். நடையில் அந்த அழுத்தம் இல்லை.

சமதரையில் காலையும் மாலையும் ஐந்து நிமிஷ நடையில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கூட்டினேன். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுப் பக்கம் இழுத்து விடுவேன். வயிறு எழும்ப மூச்சிழுத்து, அடிவயிற்றுத் தசைகளைத் தளர விடுவேன். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால், முந்தின அளவுக்கே இறங்கிவிட வேண்டும். இதுதான் அவள் சொன்ன கணக்கு.

உட்காரும்போது பின்பக்கம் வெட்டுள்ள மெத்தை. எழும்போது முதலில் முன்னால் சாய்ந்து எழ வேண்டும். மலச்சிக்கல் வந்தால் முக்கும்போது உயிர் போகும். ஆகவே கீரை, பழம், நிறையத் தண்ணீர். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். நல்லவேளை, எனக்கு அப்படி ஏதும் வரவில்லை.

எட்டாம் வாரம் அரை மணி நேரம் நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா நினைவு வந்தது. அந்தக் காலத்தில் அவருக்கு இப்படிச் சொல்லித்தர ஆள் இல்லை.

தரையில் சம்மணம் போட இன்னும் தைரியம் வரவில்லை. சைக்கிளையும் தொடவில்லை. அதில் இப்போது மனைவி துண்டு காயப்போடுகிறாள்.