ஆயாவின் ஆறு மிஸ்டு கால்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு மொக்கை இல்ல மக்களே, சொந்தக் கதை.

போன மாசம் மீட்டிங் முடிஞ்சு போனைப் பார்த்தா, கே.ஜி.கண்டிகையிலிருந்து ஆயாவோட ஆறு மிஸ்டு கால். பதறிப்போய்க் கூப்பிட்டா, "ஆடிக் கிருத்திகைக்கு வர்றியா கண்ணு?" அவ்ளோதான். வர்றேன்னு சொல்லி வெச்சேன். பத்து நிமிஷத்துல மறுபடி போன். அதே கேள்வி.

ஏற்கெனவே டாக்டர்கிட்ட காட்டியிருந்தோம். கிழமை, மாசம், மூணு வார்த்தையைத் திருப்பிச் சொல்றது எல்லாத்துலயும் ஆயா அன்னிக்கு பாஸ்! ஆனா ஞாபகம் தினமும் ஒரே மாதிரி இருக்காதே. தூக்கம் கெட்டாலே ஆள் மாறிடும். அதனாலதான் வீட்டிலிருக்கும்போதே போன்ல ஒரு நாளைக்கு சில தடவை குட்டிக் குட்டி சோதனை வெச்சு, பல நாள் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறாங்க. 2021ல் அமெரிக்காவில் பயோஜென்னும் ஆப்பிளும் ஆரம்பிச்ச 'இன்ட்யூஷன்' ஆய்வுல, ஐபோன் வெச்சிருக்கிற சுமார் 23,000 பேர் சேர்ந்தாங்க.

பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? ரெண்டு ராத்திரி முழிச்சு நானே ஒரு செயலி எழுதினேன். ஆயா மார்க் படுமோசம். அப்புறம்தான் உறைச்சது: கண்புரை, பள்ளிக்கூடம் போகாத ஆயா, திரையில பொடி எழுத்து. நான் அளந்தது ஞாபகத்தை இல்ல, படிப்பையும் பார்வையையும்! இதை யோசிச்சுத்தான் ஹரியானாவோட பல்லப்கட் கிராமத்துப் பெரியவங்களுக்காக, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் பொருந்துற மாதிரி ஒரு இந்திச் சோதனையை உருவாக்கி 1995லயே வெளியிட்டிருக்காங்க. 2023ல் வந்த ஒரு தேசிய ஆய்வுக் கணக்குப்படி, நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். நகரத்தைவிட கிராமத்துல அதிகம். ஐபோன் இல்லாத கிராமத்துல.

எழுத்தைத் தூக்கிட்டு என் குரல்லயே கேள்வியைப் பதிவு பண்ணேன். "காலைல என்ன சமைச்ச?" சாயந்திரம் அதையே மறுபடி கேட்கும். ஆயாகிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்னு போன் பண்ணேன். சொல்லாம கண்காணிச்சா அது வேவுதானே?

"மிஷின் எதுக்குடா? நீயே கேளேன்" அப்படின்னுச்சு.

இப்ப மூணு வாரமா காலைலயும் சாயந்திரமும் கூப்பிடறேன். குறிச்சு வெச்ச நோட்டை எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் மறுபடி டாக்டர்கிட்ட போறோம். நேத்து காலைல தக்காளி ரசம்னு சொல்லுச்சு. சாயந்திரம் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அது கெடக்கு... கிருத்திகைக்கு வர்றியா கண்ணு?"