ஒரு சொற்குடும்பமும் கொல்லிமலையும்

ஆங்கில மொழியிற் சில சொற்கள், ஒரு வயிற்றிற் பிறந்து திசைக்கொருவராய்ப் பிரிந்து சென்ற உடன்பிறந்தாரை ஒக்கும். ‘ஹாஸ்பிட்டல்’, ‘ஹாஸ்டல்’, ‘ஹோட்டல்’ என்னும் மூன்றும் அத்தகையன. நோயாளர்க்கு ஒன்று, மாணாக்கர்க்கு ஒன்று, பணமுடைய வழிப்போக்கர்க்கு ஒன்று என அவை இன்று வேறுபட்டு நிற்பினும், மூன்றும் ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவையே. அச்சொல் விருந்தோம்புவானையும் குறிக்கும். விருந்தாய் வருவானையும் குறிக்கும். எம் ஆங்கிலப் பேராசிரியர் இதனை வகுப்பிற் கூறியபோது, யாம் தேர்வுக்குரிய குறிப்பாக எழுதிக்கொண்டதன்றி வேறொன்றும் நினைந்திலேம்.

அவ்வாண்டு விடுமுறையில் நண்பர் இருவருடன் கொல்லிமலைக்குச் சென்றோம். காரவள்ளியினின்று 70 கொண்டையூசி வளைவுகளை ஏறிப் பேருந்து எம்மைச் செம்மேட்டில் இறக்கிற்று. அங்கிருந்து நடந்து செல்லுங்கால் பெருமழை பிடித்துக்கொண்டது. நண்பருள் ஒருவர்க்குக் குளிர்காய்ச்சல் கண்டு நடக்கவும் இயலாதாயிற்று. கண்ணிற்பட்ட முதல் வீட்டின் திண்ணையில் ஒதுங்கினோம். அது ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீடு. (மலையாளி என்பது ஈண்டுக் கேரளத்தாரைக் குறியாது, அம்மலைவாழ் தமிழ்மக்களின் பெயர் அது.) வீட்டுப் பெரியவர் எம் ஊரையும் கேட்டிலர்; பெயரையும் கேட்டிலர். “உள்ள வாங்க தம்பி, மழை விட்ட பொறகு பேசலாம்” என்றார். சுடச்சுடச் சாமைக் கஞ்சியும் மிளகுச் சாறும் வந்தன. வீட்டிலிருந்த ஒரே கம்பளியை நோயுற்ற நண்பர்மேற் போர்த்தினார். இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம். புறப்படும்போது யாம் நீட்டிய பணத்தைக் கண்டு அவர் முகம் வாடியது.

அம்மலையில் இது புதிய வழக்கமன்று. வேட்டைக்கோலத்தில் எதிர்ப்பட்ட வல்வில் ஓரி, முன்பின் அறியாத பாணர்க்கு ஊனும் மதுவும் தன் மலையிற் பிறந்த பொன்னும் அளித்ததை வன்பரணர் புறநானூற்றிற் பாடியுள்ளார். காய்ச்சலும் அங்கே பழைமையானதே. அம்மலையில் மருந்தளித்துத் தொண்டு செய்த ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் 1929இல் காய்ச்சலாலேயே இறந்தார். 1914இற் பிறந்த அவர் மைந்தர் பால் பிராண்டே, பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து புகழ்பெற்ற மருத்துவர்.

சில திங்கள் கழிந்தன. ஒரு நாள் அந்தியில் விடுதிக் காவலர் எம்மை அழைத்தார். வாயிலில் அப்பெரியவர் ஒரு பலாப்பழத்தோடு நின்றார். உடன் அவர் மனைவியார். ஊரிலுள்ள மருத்துவமனையிற் காட்டுதற்கு வந்தவர்கள். மறுநாளும் வருமாறு அங்கே கூறிவிட்டனராம். “ராத்திரி மட்டும் ஒரு ஓரமா படுத்துக்கலாமா தம்பி?” என்று கேட்டார். அயலார் தங்குதல் கூடாதென்பது விடுதி விதி. விடுதித் தலைவரிடம் சென்று ஒரு சொற் கேட்டிருக்கலாம். மறுநாள் எமக்குத் தேர்வு; கேட்டிலேம். விதியை எடுத்துரைத்தோம். அவர் தலையசைத்துப் பழத்தை எம் கையிற் கொடுத்துச் சென்றார். அன்றிரவு அறைத்தோழர் அனைவரும் அப்பழத்தை உண்டனர், யாமும் உண்டோம். தேர்வு முடிந்து மருத்துவமனைக்கு ஓடினோம். தாழ்வாரத்திற் படுத்திருந்து, காலையில் மருந்து பெற்றுப் போய்விட்டனர் என்றார் அங்கிருந்த பணியாளர்.

அதன் பின்னரே அகராதியை உண்மையாகப் புரட்டினோம். ‘ஹாஸ்பிட்டல்’ என்பது முற்காலத்தில் நோயாளர் இல்லமன்று. யாத்திரிகரும் வழிப்போக்கரும் தங்கும் அறச்சாலை. 1552இல் இலண்டனில் நிறுவப்பட்ட ‘கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்’ ஒரு பள்ளி. செல்ஸியில் அப்பெயர் பூண்டு நிற்பது முதிய போர்வீரர் இல்லம். ‘ஹாஸ்டல்’ என்னும் சொல்லோ பதினாறாம் நூற்றாண்டிற்குப் பின் வழக்கொழிந்து, ஸ்காட் என்னும் நாவலாசிரியரால் மீண்டும் உயிர்பெற்றது. சத்திரக்காரனைக் குறித்த ‘ஆஸ்லர்’ இழிந்து குதிரைக்காரனைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சுக்காரர் ‘ஹோட்டல்’ என்பதில் ஓகாரத்தின்மேல் இடும் சிறு கூரை, ஆங்கிருந்து மறைந்த ஸகரத்தின் அடையாளம்.

எம்மை நெடுநேரம் நிறுத்தியது ‘ஹோஸ்டிஸ்’ என்னும் இலத்தீன் சொல். அதன் பழம்பொருள் அயலான். பின்னர்ப் பகைவன் என்றாயிற்று. இம்மாற்றத்தைச் சிசரோவே எழுதிவைத்துள்ளார். விருந்தினனைக் குறிக்கும் ‘கெஸ்ட்’ அச்சொல்லுக்கு உறவு. பகைமையைக் குறிக்கும் ‘ஹாஸ்டைல்’ அதன் மகவு. சேனைகளின் கர்த்தர் என்று நாம் வேதத்திற் படிக்குமிடத்து ஆங்கிலத்தில் நிற்கும் ‘ஹோஸ்ட்’ என்பதும் அப்பகைவனின் வழியில் வந்ததே. எம் தமிழோ ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்றே பொருள் வைத்தது. தொல்காப்பியர் புதிதாய் இயற்றப்படும் நூலையும் விருந்து என்றார்.

அடுத்த பலாக்காலத்தில் மீண்டும் அம்மலைக்குச் சென்றோம். சொல்லவேண்டியவற்றை வழியெல்லாம் மனத்தில் அடுக்கிக்கொண்டே நடந்தோம். திண்ணையில் இருந்த பெரியவர் எம்மைக் கண்டதும் எழுந்து, “பரீட்சை நல்லா எழுதினீங்களா தம்பி?” என்று கேட்டார். உள்ளிருந்து அவர் மனைவியார் தண்ணீர்ச் செம்புடன் வந்தார்.