கதை சொல்வோன் துயிலும் மலை

உத்தியோகத்தினின்றும் இளைப்பாறிய பின்னர் மிஷன் ஊழியராய்ப் பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவுக்குச் சென்ற நாமிருவரும், ஆப்பியா நகரிற் சிறுவர்க்கு ஆங்கில வாசிப்புப் பயிற்றி வந்தோம். ஓய்வு வாய்த்த ஒரு காலையில், மாணவனொருவன் துணைவர, வாயேயா மலை ஏறினோம். ‘புதையல் தீவு’ எழுதிய ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன் துயில்வது அங்கேயன்றோ!

1890 இல் அத்தீவிற் குடியேறிய அவரை மக்கள் ‘துசிதாலா’, அதாவது கதை சொல்வோன், என்றழைத்தனர். சிறைப்பட்ட தலைவர்களுக்கு அவர் உதவினார். விடுதலையானதும் அவர்கள் 1894 இல் அவர் இல்லத்துக்குத் தாமே வீதி அமைத்து நன்றி செலுத்தினர். அவ்வாண்டு டிசெம்பர் 3 இல், 44 வயதில், அவர் மறைந்தார். சமோவர் காடு வெட்டி வழிசெய்து, அவருடலைத் தோளிற் சுமந்து மலையேறினர்.

மழையில் நனைந்த அம்மலைவழி எம் முழங்கால்களுக்குப் பெருஞ் சோதனையாயிற்று. திரும்பிவிடுவோமா என்று தயங்குகையில், வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் அம்மாணவன் கை நீட்டினான். வேர் எது, வழுக்குங் கல் எது என அடிக்கடி சொல்லித் தந்தான். நாம் தடுமாறியபோது நகைத்தானில்லை. (வகுப்பில் நாம் அத்துணைப் பொறுமை காட்டினோமா?)

உச்சியில் வெண்ணிறக் கல்லறை. கீழே நீலக் கடல். அதிற் பொறித்த ஆங்கில வரிகளை அவன் மெல்ல மெல்ல வாசித்தான். இரண்டிடத்திற் பிழை விட்டான். நாம் திருத்தவில்லை.