வென்றவனை எல்லாரும் பார்ப்பார்கள்

‘குதிரை’ என்ற சொல்லைக் கேட்டதுமே நம் சமுதாயத்தில் பலருடைய முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பில் நியாயம் உண்டு. சம்பளப் பணத்தைப் பந்தயத்தில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களை நாம் அறிவோம். தாலிக்கொடி வரை அடகுக் கடைக்குப் போன கதைகளையும் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்தக் குதிரையின் முதுகில் உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பற்றி நாம் எப்போதாவது சிந்தித்திருக்கிறோமா?

நான் பிறந்து வளர்ந்த ஜெலுத்தோங்கில் அந்த மனிதனுக்கு இரண்டே தீர்ப்புகள்தாம். பந்தயம் முடிந்த மாலையில் எங்கள் வீட்டருகே உள்ள கோப்பிக்கடையில் இவற்றைக் கேட்கலாம். ஜாக்கி ஜெயித்தால் “கில்லாடிப் பய!” தோற்றால் “காசு வாங்கிட்டான்!” இரண்டுக்கும் இடையில் மூன்றாவது தீர்ப்பு கிடையாது. கையில் இருக்கும் சீட்டுதான் நீதிபதி.

இப்போது அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. 1864-இல் தோன்றி, நாட்டின் மிகப் பழைய குதிரைப் பந்தயக் கழகமாக விளங்கிய பினாங்குக் கழகத்தைக் கலைத்துவிட அதன் உறுப்பினர்கள் 2024-இல் வாக்களித்தார்கள். பத்து காந்தோங் திடலில் கடைசிப் பந்தயம் 2025 மே 31-ஆம் நாள் நடந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2024 அக்டோபர் 5-இல், சிங்கப்பூரின் கிராஞ்சி திடலும் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. அங்கே 1842-இல் தொடங்கிய மரபு அது. சூதாட்டத்தின் வாசல் ஒன்று மூடப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு தொழில் நம் கண்ணெதிரே மறையும்போது, அதில் உழைத்தவர்களின் திறமையைச் சரியாக எடைபோட்டோமா என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை என நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை எனக்குள் விதைத்தவர் என் பெரியப்பா. அவர் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸாக வேலை செய்தவர். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிரீன்லேன் வழியாக லாயத்திற்குக் கிளம்பிவிடுவார். சாணம் அள்ளுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, காலைத் தடவிச் சூடு பார்ப்பது, பயிற்சி முடிந்து வரும் குதிரையை வியர்வை ஆறும்வரை நடத்துவது என்று அவர் பொழுது போகும். அத்தனை ஆண்டுகளில் ஒரு வெள்ளிகூட அவர் பந்தயத்தில் கட்டியதில்லை. 

பள்ளி விடுமுறைகளில் நானும் அவரோடு போவேன். அப்போது ஒருநாள் அவர் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

“மொதல்ல வந்தவன எல்லாரும் பாப்பாங்கடா தம்பி. நீ மூணாவதா, நாலாவதா வந்தவனோட கையப் பாரு. அப்பத்தான் யாரு ஓட்டத் தெரிஞ்சவன்னு வெளங்கும்.”

கையில் என்ன இருக்கிறது? ஏறத்தாழ ஐம்பது கிலோ எடையுள்ள மனிதன், ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறான். பலத்தால் அதை அடக்க முடியாது. வாரை முரட்டுத்தனமாக இழுத்தால் குதிரை எதிர்த்து இழுக்கும். பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துவிடும். வாரைத் தளர விட்டாலோ முன்னதாகவே பாய்ந்து கடைசி 200 மீட்டரில் துவண்டுவிடும். நல்ல ஜாக்கியின் கை அசைவதே தெரியாது. அவன் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு 200 மீட்டரையும் எத்தனை வினாடியில் கடந்தோம் என்று உடம்பாலேயே அறிவான். பெரியப்பா இதை “மணி தெரிஞ்ச கை” என்பார்.

உட்காரும் முறையிலும் ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஜாக்கிகள் சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே ஓட்டினார்கள். 1897-இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டாட் ஸ்லோன் என்பவர் அங்கவடியைக் குட்டையாக்கி, குதிரையின் கழுத்துமேல் குனிந்து ஓட்டினார். குரங்குபோல் உட்கார்ந்திருக்கிறார் என்று கேலி செய்தார்கள். அவர் ஜெயிக்க ஜெயிக்கக் கேலி செய்தவர்களும் குனிந்தார்கள். இந்த மாற்றம் பரவிய காலத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு வரை முன்னேறியதாக, 2009-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. காரணம் எளிமையானது. குதிரை ஒவ்வோர் எட்டிலும் முன்னும் பின்னும் மேலும் கீழும் குலுங்குகிறது. ஜாக்கி தன் கால்களைச் சுருள்வில்போல் ஆக்கி, தன் உடம்பு அந்தக் குலுக்கலில் சிக்காமல் பார்த்துக்கொள்கிறான். குதிரை அவனைச் சுமக்கிறதே தவிர, ஒவ்வோர் எட்டிலும் அவனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் நமக்குத் தெரிவது உண்மையில் கடுமையான உழைப்பு.

அதற்கு அவன் கொடுக்கும் விலை பசி. பந்தயத்திற்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். எடை சற்றுக் கூடினாலும் சிக்கல்தான். அதனால் சாப்பாட்டைக் குறைத்து, வெந்நீரிலும் நீராவியிலும் வியர்த்து எடையை இறக்குகிறார்கள். விழுந்தால் எலும்பு முறியும். உயிரே போவதும் உண்டு. பந்தயம் ஓடும்போதே பின்னால் ஆம்புலன்ஸும் ஓடி வரும் தொழில் வேறு எத்தனை இருக்கிறது?

பெரியப்பாவிடம் கேட்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை எல்லாரும் பணம் கட்டியிருந்த குதிரை நேர்தடத்தில் முந்திக்கொண்டு வந்தது. திடீரென ஜாக்கி தள்ளுவதை நிறுத்திவிட்டான். குதிரை நான்காவதாக வந்தது. மேடையிலிருந்து வசைமொழிகள் பறந்தன. அவன் தாயையும் விட்டுவைக்கவில்லை. நடுவர்கள் அழைத்து விசாரித்தார்கள். “எட்டு மாறியது, முன்னங்காலில் ஏதோ ஆகிவிட்டது” என்றான் அவன். மறுநாள் காலையில் பெரியப்பா தடவிப் பார்த்தபோது அந்தக் கால் அடுப்புபோல் சுட்டதாம். இன்னும் நூறு மீட்டர் விரட்டியிருந்தால் எலும்பே முறிந்திருக்கும் என்றார். அந்த ஜாக்கியின் வாழ்நாளிலேயே சிறந்த ஓட்டம் அதுவாக இருக்கலாம். ஆனால் கோப்பிக்கடையில் அவன் கடைசிவரை ‘காசு வாங்கியவன்’தான். பந்தயங்களில் மோசடியே நடந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. எது மோசடி, எது கருணை என்று தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

எண்ணிக்கையை வைத்து அளக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். 2013 செப்டம்பர் 6-இல் பிரேசில் நாட்டவரான ஜுவாவ் மொரேரா கிராஞ்சியில் எட்டுப் பந்தயங்களில் ஓட்டி எட்டிலும் வென்றார். வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் புகழ்பெற்ற ஜாக்கிக்குத்தான் நல்ல குதிரைகள் கிடைக்கின்றன. நல்ல குதிரைகள் மேலும் வெற்றிகளைத் தருகின்றன. அந்தச் சுழலுக்கு வெளியே நிற்பவனின் திறமை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மிஷெல் பெய்னின் கதை இதற்கு நல்ல சான்று. 2015-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கிண்ணத்தை வென்ற முதல் பெண் ஜாக்கி அவர். அவருடைய குதிரையான ‘பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ ஒன்றுக்கு நூறு என்ற நிலையில் இருந்தது. அதாவது, அது வெல்லும் என்று நம்பியவர் மிகச் சிலரே. உலகம் அதை அதிர்ஷ்டக் கதையாகப் பேசியது. ஆனால், 2004-இல் குதிரையிலிருந்து விழுந்து மண்டையோடு உடைந்த பின்னும் அவர் திரும்பி வந்தவர். அந்தக் குதிரையின் பெரும்பாலான பந்தயங்களில் அவரே அதை ஓட்டி, அதன் குணத்தை அறிந்து வைத்திருந்தார். டவுன் நோய்க்குறி உள்ள அவருடைய அண்ணன் ஸ்டீவிதான் அந்தக் குதிரையைப் பராமரித்தவர். இத்தனையும் சேர்ந்தால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

இந்தத் திறமைக் கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதி, அதை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1974-இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. குதிரையின் ஆற்றல், ஜாக்கியின் திறன், சுமக்கும் எடை, ஓடும் தூரம் ஆகியவற்றை ஆராய்ந்து கணிக்க முடியும் என்பதால் இது பெரிதும் திறமையைச் சார்ந்த விளையாட்டே என்று 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“தெறம குதிர மேல இருக்குடா. சீட்டு வாங்குறவன் கையில எங்க இருக்கு?”

சட்டப்படி அது சரியான வாதமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வரிசை வீடுகளில் பந்தயத்தால் நொடித்த குடும்பத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவர் சொன்னதில் உண்மை தெரிகிறது. அந்த வீட்டு மாமா குதிரைகளின் வம்சாவளியையே மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட அத்தைதான் பலகாரம் சுட்டு விற்றார். ஒருவரின் திறமையை மதிப்பதற்கு அதன்மேல் பணம் கட்ட வேண்டியதில்லை. பணம் கட்டியவனால் திறமையைப் பார்க்கவே முடிவதில்லை. தன் பணத்தை மட்டுமே பார்க்கிறான்.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இதில் என்ன இருக்கிறது? பெரும்பாலான பந்தயங்களில் ஒரு விதி உண்டு. வலிமை மிகுந்த குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றுவார்கள். வலிமை குறைந்ததற்குச் சுமையைக் குறைப்பார்கள். அப்போதுதான் போட்டி நியாயமாகும். வாழ்க்கையிலோ இது தலைகீழ். வசதி குறைந்தவன் முதுகில்தான் சுமை அதிகம். பகுதிநேர வேலை, படிப்புக் கடன், வீட்டில் நோயாளி, தம்பி தங்கையரின் படிப்பு என்று அடுக்கிக்கொண்டு ஓடி வருபவனை, எந்தச் சுமையுமின்றி ஓடியவனோடு நிறுத்தி, தேர்ச்சிப் புள்ளியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறோம். யார் எத்தனை கிலோவைச் சுமந்து ஓடினார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வர வேண்டாமா?

பத்து காந்தோங்கில் கடைசிப் பந்தயம் நடந்த நாளில் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரியப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, வர முடியவில்லை. யார் ஜெயித்தது என்று அவர் கேட்கவில்லை. “எறங்குனதும் குதிர கழுத்தத் தட்டிக் குடுத்தானா?” என்றுதான் கேட்டார்.

தட்டிக் கொடுத்தார்கள், பெரியப்பா. கடைசியாக வந்தவரும் தட்டிக் கொடுத்தார்.