சேற்றுக்குள் ஒரு தாய்

நீர் தெளிந்து காணப்பட்டால் அது தூயது என்று மனிதர் எளிதில் நம்பிவிடுகின்றனர். ஆயினும், நீரில் கலக்கும் நச்சுப்பொருள்கள் பல மறைந்துபோவதில்லை. நுண்ணிய மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மெல்ல அடியில் படிகின்றன. மேலே தெளிவு, கீழே நஞ்சு. அந்த அடிச்சேற்றையே வீடாகவும் உணவாகவும் கொண்ட சிற்றுயிர்கள் உண்டு.

வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில் வாழும் மோனோபோரியா அஃபினிஸ் அவற்றுள் ஒன்று. இறாலுக்கும் நண்டுக்கும் உறவான இவ்வுயிர் ஒரு சென்டிமீட்டர் அளவுகூட வளர்வது அரிது. பகலில் சேற்றில் புதைந்திருக்கும். இரவில் மேலெழுந்து நீந்தும். நீரின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்து படியும் நுண்பாசிகளை உண்ணும். இது சேற்றைக் கிளறுவதால் உயிர்வளி உள்ளே செல்கிறது. ஏர் வயலுக்குச் செய்யும் பணியை இச்சிற்றுயிர் கடலடிக்குச் செய்கிறது. மீன்களுக்கு இரையாவதும் இதுவே.

குளிர்காலம் நெருங்கும்போது இவை இணைசேரும். தாய் தன் முட்டைகளை வயிற்றடியில் உள்ள பையில் ஏந்தி, குளிர்காலம் முழுவதும் சுமக்கும். குளிர் தணிந்ததும் குஞ்சுகளை வெளியே விட்டுவிட்டுத் தான் மடியும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் அது தாயாகிறது. அந்த ஒரு பேறு பழுதுபட்டால், அதற்கு மறுவாய்ப்பு இல்லை.

சுவீடன் நாட்டு அறிவியலாளர்கள் 1990களிலிருந்து இத்தாயின் கருக்களைக் கண்காணித்து வருகின்றனர். கடலடிச் சேற்றை அள்ளி, சலித்து, முட்டை சுமக்கும் தாய்களைப் பிரித்தெடுக்கின்றனர். பின்னர் ஒவ்வொரு கருவையும் நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுகின்றனர். உயிர்வளி குறைந்தாலும் நீர் வெப்பமுற்றாலும் கருக்கள் இறக்கக்கூடும். உருக்குலைந்த கருக்கள் மிகுந்திருப்பதோ பெரும்பாலும் நச்சுப்பொருள்களின் அடையாளம். ஆலைக்கழிவு கலக்கும் இடங்களுக்கு அருகே அத்தகைய கருக்கள் மிகுந்து காணப்பட்டன.

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தாய் சாகவில்லை, பிற தாய்களைப் போலவே உண்டது, நீந்தியது. செத்த உயிர்களை மட்டும் எண்ணியிருந்தால் தீங்கு எதுவும் தெரிந்திருக்காது. கேடு அடுத்த தலைமுறையில் ஒளிந்திருந்தது.

கரையில் ஒருவர் ஊற்றிவிட்டு மறந்துவிடும் கழிவைச் சேறு மறப்பதில்லை. அதன் விலையை, இன்னும் பிறவாத ஒரு குஞ்சு கொடுக்கிறது.