நாலாவது ஞாயிறு

எங்க மூணு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கமராதான். அதுவும் இரவல். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிற மச்சான் ஒருத்தன், வேலை இல்லாத ஞாயிறுகளில் மட்டும் தருவான். பெப்ரவரியில் அப்படி நாலு ஞாயிறு கிடைச்சது. ஆசையும் ஒண்டுதான்: மட்டக்களப்பு வாவியில் கழுகு மீன் அடிக்கிற அந்த நொடியைப் படமாக்கணும்.

வாவி நீளத்தில் சுமார் 56 கிலோமீற்றர். துரத்தினால் எங்கயாவது அகப்படும் எண்டு முதல் ஞாயிறு பைக்கில் கிளம்பினம். பாலமீன்மடுவில், 1913இல் கட்டின வெளிச்சவீட்டுப் பக்கம், ஒரு வெண்வயிற்றுக் கடற்கழுகைக் கண்டம். சிறகை விரிச்சா ரெண்டு மீற்றர் வரும். நாங்க பைக்கை நிப்பாட்டி லென்ஸ் மூடியைக் கழட்டுறதுக்குள்ள அது எழும்பிட்டு. வெயில் ஏறும்வரை பின்னால திரிஞ்சம். அண்டைக்கு எடுத்த படம் எல்லாத்திலயும் கழுகின் முதுகும் வாலும்தான்.

ரெண்டாவது ஞாயிறு குறுக்குவழி தேடினம். கூடு இருக்கிற மரம் ஒண்டு தெரியும் எண்டு எங்களில் ஒருத்தன் சொன்னான். கூட்டடியில் நிண்டால் கழுகு வந்துதானே ஆகணும்! சுள்ளித்தடியால் கட்டின பெரிய கூடு. நாங்க மரத்தடிக்குப் போனதும் உள்ளே இருந்த பறவை எழும்பி, கத்திக்கத்தி வட்டமடிச்சது. கூட்டுக்குள்ள முட்டையோ குஞ்சோ, கீழே இருந்து தெரியல்ல. ஆனா பக்கத்து மரத்தில் ரெண்டு காகம் வந்து குந்தினது தெரிஞ்சது. நாங்க நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கூட்டுக்கு வெயில், காகத்துக்கு வாய்ப்பு. ஒரு படமும் எடுக்காமல் திரும்பினம். பிரித்தானியப் பறவைப் படக்காரர் எரிக் ஹொஸ்கிங், 1937இல் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்கப் போய், அந்த ஆந்தையின் நகம் பட்டு ஒரு கண்ணையே இழந்தவர். எங்களுக்குப் போனது ஒரு ஞாயிறு மட்டும்.

திரும்பி வரும்போது கரையில் ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டுச் சிரிச்சார். "பறவையப் பார்த்து ஓடாத மனே. தண்ணியப் பாரு, காத்தப் பாரு. மீன் மேல வார இடத்துக்கு அது தானா வரும்." இடத்தையும் கையை நீட்டிக் காட்டினார்.

மூணாவது ஞாயிறு விடியமுதலே அந்த இடத்துக்குப் போயிட்டம். பெரிய பறவைகள் காத்தை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதனால காத்தும் வெயிலும் எங்க முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி, கண்டல் மரத்துக்குப் பின்னால குந்தினம். ஷட்டர் 1/2000 செக்கன். மூணு மணித்தியாலம். நுளம்பு தின்னுது, கால் விறைக்குது. எதிரே பட்ட மரத்தில் இருந்த கடற்கழுகு திடீரெண்டு தாழப் பறந்து வந்து, காலை நீட்டித் தண்ணியைக் கிழிச்சது. நாங்க அமத்தினம்.

கமராவில் கண்டல் இலை மட்டும் தெளிவா விழுந்திருந்தது. கழுகின் காலிலயும் மீன் இல்லை! அது திரும்பிப் போய் அதே கொப்பில் இருந்து, இறகைக் கோதிட்டு, மறுபடியும் தண்ணியைப் பார்க்கத் தொடங்கிச்சு. இவ்வளவு பெரிய வேட்டைக்காரனும் தவறவிடுறான். ஆனா தவறவிட்டதை நினைச்சுக்கொண்டு இருக்கிறதில்லை. அதைப் பார்த்தபிறகு எங்களுக்கும் வீட்ட போக மனம் வரல்ல.

நாலாவது ஞாயிறு அதே இடம். கடற்கழுகு வரவே இல்லை. கமரா வச்சிருந்தவனுக்குக் காலில் முள். அதைப் பிடுங்க, அதுவரை ஒரு படம்கூட எடுக்காதவனிட்ட கமராவைக் குடுத்தான். அந்த நேரம் பார்த்து வானத்தில் விராலடிப்பான்! குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வாற விருந்தாளி. ஒரு இடத்தில் சிறகடிச்சு நிண்டு, அப்படியே காலை முன்னுக்கு நீட்டி விழுந்தது. தண்ணி வெடிச்சது. எழும்பும்போது கையளவு மீன். மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கொண்டு எங்க தலைக்கு மேலால போயிட்டு.

பதினாலு படத்தில் ஒண்டு சரியா விழுந்திருந்தது.

"சும்மா அமத்தினேன், அதிர்ஷ்டம்டா" எண்டான் எடுத்தவன். உண்மைதான். பறவையை அங்க கொண்டுவந்தது எங்க பொறுமை இல்லை. ஆனா அது வந்த நேரம் நாங்க அங்க இருந்ததுக்கு, முந்தின மூணு ஞாயிறும், ஐயா நீட்டின கையும், மத்தவன் வச்ச ஷட்டரும் காரணம். அதனால படத்துக்குக் கீழ யார் பெயரைப் போடுறது எண்டு இன்னும் முடிவாகல்ல. இப்போதைக்கு 'நாங்க' எண்டே போட்டிருக்கம்.

பின்னேரம் ஐயாவிட்டக் காட்டினம். கண்ணைச் சுருக்கி, கனநேரம் பார்த்தார்.

"நல்ல மீன்" எண்டார்.