முகப்பருவும் பொறுமையும்

வாலிபப் பருவத்தின் துன்பங்கள் யாவை என்று வினவினால், பரீட்சை என்பர் சிலர். வேலையின்மை என்பர் வேறு சிலர். முகப்பருவை அப்பட்டியலிலே சேர்ப்பவர் அரியர். ஆயினும், இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியிற் கற்பித்துவரும் நாம் அதனைச் சிறு துன்பமென்று ஒதுக்க ஒருப்படோம். விடை தெரிந்திருந்தும் கையுயர்த்தாத மாணவரைக் கண்டிருக்கிறோம். பேச்சுப் போட்டிக்குத் தெரிவாகிய பின்னர் காரணங் கூறாது விலகிக்கொண்டவரைக் கண்டிருக்கிறோம். வகுப்புப் படம் எடுக்கும் நாளிலே சுகவீனமென்று வீட்டில் நின்றுவிட்டவரையும் கண்டிருக்கிறோம். அவர்களைத் தடுத்தது சோம்பலன்று. கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்து நின்ற சில பருக்களே.

“வயதுக் கோளாறு; தானே மாறிவிடும்” என்பது நம்மவர் வாக்கு. அதிற் பாதி உண்மை. 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்குச் சிறிதளவேனும் பரு வருமென்பது மருத்துவர் கணிப்பு. பெரும்பாலார்க்கு வந்தவாறே போய்விடும். சிலருக்கோ 20 வயதைக் கடந்தும், 30 வயதைக் கடந்தும் நிற்கும். ஆறிய இடத்திலே கறுப்பையும் குழியையும் வைத்துச் செல்லும். அவ்வாறு நிலைத்து நிற்பதை நோயென்றே கொண்டு மருந்து தேடுதல் வேண்டும். எந்த மருந்தைத் தேடுவது, எத்தனை நாள் காத்திருப்பது என்பவற்றிலேயே நம் குடும்பங்கள் இடறுகின்றன.

இதனை நாம் ஏட்டிலே மாத்திரம் கற்றோமல்லோம். எமது தமக்கையாரின் மகள், பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, உத்தியோகத்தின் பொருட்டு எம்மில்லத்திலே தங்கியிருந்தாள். வயது 23. பதினாறாம் வயதிலே தொடங்கிய பருக்கள் அவளை விட்டு நீங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் அனைவரும் வைத்தியராயினர். ஒருவர் தேசிக்காய்ப் புளியைப் பூசு என்றார். ஒருவர் பற்பசையை வை என்றார். நாளுக்கு ஆறுமுறை சவர்க்காரமிட்டுக் கழுவு என்றார் மற்றொருவர். கலியாணப் பேச்சொன்று வந்தபோது, “படத்திலே முகத்தைக் கொஞ்சம் திருத்தி அனுப்புவோம்” என்று உறவினர் ஒருவர் சொன்னது அடுக்களையில் நின்ற அவள் காதிலே விழுந்தது. அன்றிரவு அவள் உண்ணவில்லை. மறுநாள் கடையொன்றிலே, உட்பொருள் யாதென்று எழுதப்படாத சிறு டப்பியில் விற்ற பூச்சொன்றை வாங்கி வந்தாள்.

ஒரு வாரத்திலே முகம் தெளிந்தது. எல்லோரும் வியந்தனர். இரண்டு மாதங்கள் செல்லுமுன் தோல் மெலிந்து சிவந்தது. வெயில் பட்டால் எரிந்தது. முன்னில்லாத சிறு பருக்கள் மணல் தூவினாற்போல நெருங்கி எழுந்தன. பூச்சை ஒரு நாள் விட்டால் எரிவு இருமடங்காயிற்று. அப்பொழுதுதான் அவள் அந்த டப்பியை எம்மிடம் கொணர்ந்து காட்டி, “மாமா, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றாள்.

அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவிலே விடியற்காலையிற் சென்று வரிசையில் அமர்ந்தோம். வைத்திய நிபுணரான அம்மையார் முகத்தைப் பார்த்து, டப்பியையும் வாங்கிப் பார்த்து, “இதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும்” என்றார். அது செய்யும் மாயத்தையும் விளக்கினார். ஸ்டீரொயிட் சிவப்பையும் வீக்கத்தையும் விரைந்து அடக்கும். ஆதலால் நோய் தீர்ந்ததென்று தோன்றும். நாளடைவிலே தோலை மெலிவித்துப் புதுப் பருக்களைத் தானே உண்டாக்கும், நிறுத்தினாலோ சீறியெழும். வெண்மை தருவதாக விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றிலே இரசமும் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013 ஆம் ஆண்டிலே நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை அத்தகைய பூச்சுகளை விலக்கியிருந்தும் அவை கடைகளிலிருந்து முற்றாக மறையவில்லை.

பரு எவ்வாறு உண்டாகிறது? தோலிலே மயிர் முளைக்கும் நுண்குழாய்தோறும் எண்ணெய்ச் சுரப்பியொன்று உண்டு. ஆண் ஓமோன்கள் எனப்படுபவை, பெண்களின் உடலிலும் சிறிதளவு உள்ளவை, அச்சுரப்பியைத் தூண்டுகின்றன. எண்ணெய் மிகுகிறது, குழாயின் வாயிலே இறந்த தோலணுக்கள் ஒட்டி அடைக்கின்றன, அடைபட்ட எண்ணெயிலே பற்றீரியாக்கள் பெருகுகின்றன, உடல் அவற்றை எதிர்க்க, வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. கரும்புள்ளியின் கருமையும் அழுக்கன்று. தோலின் நிறப்பொருளும் காற்றுப்பட்ட எண்ணெயுமே அது. ஆகவே ஆறுமுறை தேய்த்துக் கழுவுவதாற் பயனில்லை. தோல் புண்படுவதே மிச்சம். மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இருமுறை கழுவினாற் போதும். தேசிக்காய்ப் புளியைப் பூசி வெயிலிற் சென்றால் தோல் வெந்து கறுப்பதும் உண்டு.

மருந்துகள் படிப்படியாக அமைந்தவை. இலேசான பருவுக்குப் பென்சொயில் பேரொட்சைட்டு என்னும் பூச்சு உதவும். அது பற்றீரியாவைக் கொல்லும். 2.5 வீதச் செறிவே பெரும்பாலும் போதியது. 10 வீதம் எரிவை மிகுவிக்குமேயன்றிப் பயனை அவ்வளவு மிகுவிக்காது. தலையணை உறையின் சாயத்தை அது வெளுக்கச் செய்யும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. அடுத்தது விற்றமின் ‘ஏ’யின் வழிவந்த அடபலீன், ட்ரெற்றினோயின் முதலியன. அவை குழாயின் அடைப்பை நீக்குவன. இரவிலே, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணியளவே எடுத்துப் பூசவேண்டும். பருவின் மேல் மாத்திரம் தடவுவது தவறு. பகலிலே வெயிற்காப்புப் பூச்சு வேண்டும். கருவுற்றிருப்போர் இவற்றைத் தவிர்த்தல் வேண்டும். அவர்களுக்கும், பரு விட்டுச் சென்ற கறுப்பால் வருந்துவோர்க்கும் அசெலாயிக் அமிலம் ஏற்றது.

வீக்கம் மிகுந்தால் டொக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குக் கொடுப்பர். அதனைத் தனியே கொடுப்பதில்லை. பூச்சு மருந்தோடு சேர்த்தே கொடுப்பர். இன்றேல் பற்றீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடும். பெண்களுக்குத் தாடையோரத்திலே பரு நிலைத்து, மாதவிலக்கும் ஒழுங்கற்று, முகத்தில் மயிரும் மிகுந்தால், சூலகத்தின் கோளாறு உண்டோவென்று ஆராய்தல் வேண்டும். ஓமோனைச் சீராக்கும் மாத்திரைகள் அங்கே பயன்படும்.

எம்மருமகளுக்கு வைத்தியர் முதலில் ஸ்டீரொயிட் பூச்சை விடுவித்து, எரிவு தணிந்த பின்னரே அடபலீனைத் தொடங்கினார். தொடங்கிய மூன்றாம் வாரத்திலே பருக்கள் குறையவில்லை, கூடின. தோல் உரிந்தது. “மாமா, இது கூடிப்போச்சு, நான் நிப்பாட்டப் போறன்” என்று கண்கலங்கினாள். இந்த இடத்திலேயே பலர் மருந்தைக் கைவிட்டு மறுபடியும் டப்பியை நாடுகின்றனர். வைத்தியர் முதல் நாளிலே கூறியதை நாம் அவளுக்கு நினைவூட்டினோம். இன்று முகத்திலே தெரியும் பருவுக்கு வித்து ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்னரே, கண்ணுக்குத் தெரியாத அடைப்பாய் விழுந்துவிட்டது. இன்று பூசும் மருந்து இனி வரவிருப்பதையே தடுக்கும். ஆகவே 12 வாரங்கள் செல்லுமுன் தீர்ப்புக் கூறல் ஆகாது. பனங்கொட்டையைப் பாத்தியிட்டவர் கிழங்கு இறங்கிற்றோவென்று நாள்தோறும் கிண்டிப் பார்ப்பாரோ? அவள் சிரித்தாள்; மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுமாறு வைத்தியர் மாற்றிக் கொடுக்க, தொடர்ந்தாள்.

எம்மிடம் கற்ற மாணவரொருவருக்கு இம்முறை போதவில்லை. அவருக்கு முகத்திலும் முதுகிலும் ஆழ்ந்த கட்டிகள், ஆறியவை குழியாயின. அவர்க்கு ஐசோட்ரெற்றினோயின் மாத்திரை கொடுக்கப்பட்டது. 1982 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, நிலைத்த பருவுக்கு உள்ளவற்றுள் வலியது. சில மாதங்கள் உண்டபின் பலருக்கு நோய் நெடுங்காலம் திரும்புவதில்லை. வலிமைக்கேற்ற கட்டுப்பாடும் உண்டு. கருவிலுள்ள சிசுவின் உறுப்புகளைக் கொடிதாய்ச் சிதைக்கும். ஆதலால் பெண்கள் உண்ணுங்காலத்திலும் அதன்பின் ஒரு மாதம்வரையும் கருவுறலாகாது. இரத்தப் பரிசோதனை வேண்டும். உதடு வறண்டு வெடிக்கும். மனம் சோர்கிறதோவென்று வீட்டார் கவனித்திருத்தல் வேண்டும். நண்பரின் மிச்ச மாத்திரையை வாங்கி விழுங்கும் மருந்தன்று இது.

உணவைப் பற்றியும் பலர் வினவுவர். பப்புவா நியூகினியின் கிற்றாவாத் தீவிலே 1,200 பேரைப் பரிசோதித்தோர், ஒருவரிடமேனும் பருவைக் காணவில்லையென்று 2002 ஆம் ஆண்டில் எழுதினர். அத்தீவினர் உண்பவை கிழங்கு, பழம், மீன், தேங்காய். உணவே முழுக் காரணமென்று இதனால் துணிதல் இயலாதாயினும், சீனியும் இனிப்புப் பானமும் குறைந்தால் சிலருக்கு நன்மை காண்பதுண்டு. உண்ணும் தேங்காயை அஞ்சவேண்டாம். நெற்றியில் வழியும் தலையெண்ணெயைத் துடைத்துக்கொண்டாற் போதும்.

ஐந்து மாதங்களின் பின் மருமகளின் முகத்திலே புதுப் பரு அரிதாயிற்று. கறுப்புப் புள்ளிகள் சில எஞ்சியுள்ளன. அவை மங்க இன்னும் காலஞ் செல்லும். சென்ற மாதம் தன் அலுவலகத்திலே பலர் முன் நின்று உரையாற்றி வந்தாள். பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பிள்ளையின் முகத்தைப் பற்றி அவன் கேளாது நீங்கள் பேசாதீர்கள். அவன் கேட்டால், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்து தொடங்கினால், மூன்று மாதம் அவனுக்குத் துணையாய் இருங்கள். எம்மில்லத்திலே இப்பொழுது ஒரு வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. வந்தவர் எவரேனும், “பிள்ளைக்கு முகத்திலே என்ன?” என்று தொடங்கினால், எமது இல்லாள் தேநீரை நீட்டி, அவர் வீட்டு மாமரம் இவ்வாண்டு எவ்வளவு காய்த்தது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.